ஃபிராட்டன் பார்க்கின் விலை: போர்ட்ஸ்மவுத் கழகத்தை அதன் ரசிகர்கள் வாங்கிய நிகழ்வு – ஓர் ஆய்வு

2013 ஏப்ரல் 10 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு, மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு நிலத்தின் விலையைப் பற்றியது. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கடற்படை நகரமான போர்ட்ஸ்மவுத்தில், நெருக்கமான வரிசை வீடுகளுக்கு நடுவே, ஏறத்தாழ 20,000 பேர் அமரக்கூடிய ஃபிராட்டன் பார்க் என்ற பழைய மைதானம் இருக்கிறது. கழகத்துக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாக அந்த மைதானத்தின் மீது உரிமை வைத்திருந்த போர்ட்பின் நிறுவனம் ஒரு விலை கேட்டது. கழகத்தை வாங்க முன்வந்திருந்த ரசிகர்களின் அமைப்பு அதைவிட மிகக் குறைவான விலையைச் சொன்னது. நீதிபதி தீர்ப்பளிக்கும் நிலை வரவில்லை. இரு தரப்பும் பேசி, ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டுக்கு உடன்பட்டன. ஒன்பது நாட்கள் கழித்து, 1898-இல் தொடங்கப்பட்ட போர்ட்ஸ்மவுத் கால்பந்துக் கழகம் தன் ரசிகர்களின் கைக்கு வந்தது. அன்றைய நிலையில், இங்கிலாந்தில் ரசிகர்களுக்குச் சொந்தமான கழகங்களில் அதுவே பெரியது.

ரசிகர்களின் அன்பு கழகத்தைக் காப்பாற்றியது என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த அன்பு 2010-இல் கழகம் திவாலானபோதும் இருந்தது. அப்போது அதனால் எதையும் தடுக்க முடியவில்லை. 2012-இல் மறுபடி திவாலானபோது, அதே மக்கள், அதே அரங்கில் கூடிக்கொண்டிருந்த அதே கூட்டம், கழகத்தையே வாங்கியது. இடைப்பட்ட காலத்தில் மாறியது என்ன என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. என் கணிப்பில், ரசிகர்கள் அப்போது ஒரு கூட்டுறவுச் சங்கமாக, பணம் கட்டிய பங்குதாரர்களாக, வழக்கறிஞர்களும் கணக்கர்களும் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு தரப்பாக மாறியிருந்தார்கள். அந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. வந்த வழியும் இனிமையானதாக இல்லை.

கோப்பையும் கடனும்

போர்ட்ஸ்மவுத் சிறிய கழகம் என்று சொல்ல முடியாது. 1939-இல் நாடு தழுவிய எஃப்.ஏ. கோப்பையை வென்றது, அடுத்து வந்த உலகப் போரால் போட்டி நின்றுபோக, 1946 வரை கோப்பை அங்கேயே இருந்தது. 1949, 1950 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்து இங்கிலாந்தின் லீக் சாம்பியனாயிற்று. பிறகு நீண்ட சரிவு. 1998-99 பருவத்திலேயே ஒருமுறை திவால் நிர்வாகத்துக்குள் போய், மிலன் மண்டாரிச் என்ற தொழிலதிபர் வாங்கியதால் மீண்டது. 2003-இல் நாட்டின் உச்ச அடுக்கான பிரீமியர் லீகுக்குள் நுழைந்தது. 2006-இல் கழகம் தொழிலதிபர் அலெக்சாண்டர் கெய்டமாக் வசம் வந்த பிறகு செலவு வேகமெடுத்தது.

அந்தச் செலவின் பலனை நகரம் கண்ணாரக் கண்டது. 2008 மே 17 அன்று வெம்ப்ளியில் கார்டிஃப் சிட்டியை 1-0 என்று வீழ்த்தி, ஹாரி ரெட்நாப் பயிற்றுவித்த அணி எஃப்.ஏ. கோப்பையை வென்றது, கோலடித்தவர் நைஜீரியாவின் கானு. அதே ஆண்டு நவம்பரில், ஐரோப்பியப் போட்டியில், ஏசி மிலான் அணி ஃபிராட்டன் பார்க்குக்கு வந்து 2-2 என்று சமன் செய்துவிட்டுப் போனது. மிலானின் கோல்களை அடித்தவர்கள் ரொனால்டினோவும் இன்சாகியும். மரத்தாலும் தகரத்தாலும் ஆன பகுதிகளை இன்னும் கொண்டிருந்த ஒரு பழைய அரங்கில் நடந்தது இது. அந்த இரவைப் பார்த்தவர்கள் அதை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

20,000 இருக்கைகள் உள்ள அரங்கின் வருமானம் அந்த அணியின் சம்பளத்தைத் தாங்காது. உரிமையாளர் தன் பணத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும்வரை மட்டுமே கணக்கு சமன்படும் என்ற நிலை. அவர் நிறுத்தியதும் விற்பனை தொடங்கியது: லசானா டியாரா ரியல் மாட்ரிட்டுக்கும், ஜெர்மெய்ன் டிஃபோவும் பீட்டர் கிரவுச்சும் டாட்டன்ஹாமுக்கும், கிளென் ஜான்சன் லிவர்பூலுக்கும் போனார்கள். 2009-10 பருவத்தில் மட்டும் கழகத்துக்கு நான்கு உரிமையாளர்கள். கெய்டமாக்கிடமிருந்து சுலைமான் அல் ஃபாஹிம், அவரிடமிருந்து அலி அல் ஃபராஜ், கடன் திரும்பாததால் அவரிடமிருந்து போர்ட்பின் நிறுவனத்தின் பல்ராம் சைன்ராய் என்று கழகம் கைமாறிக்கொண்டே இருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பலமுறை தாமதமாயிற்று. வரித்துறை கழகத்தைக் கலைக்கக் கோரி மனுப் போட்டது. 2010 பிப்ரவரி 26 அன்று போர்ட்ஸ்மவுத் திவால் நிர்வாகத்துக்குள் சென்றது. பிரீமியர் லீகில் இருந்தபடியே அந்த நிலைக்குப் போன முதல் கழகம் அதுதான்.

2010-இன் திவால்

பிரிட்டன் சட்டம் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ என்று அழைக்கும் இந்த ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். நம் பேச்சில் ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்றால் கதை முடிந்தது என்று பொருள். அங்கே இந்த ஏற்பாட்டின் முதல் நோக்கம் நிறுவனத்தை உயிரோடு வைத்திருப்பது. கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட முடியாதபடி ஒரு தற்காலிகப் பாதுகாப்பு கிடைக்கிறது; பொறுப்பேற்கும் திவால் நிர்வாகி, வேலைகளை ஓட்டியபடியே, வாங்குபவரைத் தேடிப் பிடித்து, கடன் கொடுத்தவர்களுக்கு இயன்ற அளவு பணம் பெற்றுத் தர வேண்டும். அவருக்கு ரசிகர்களின் ஏக்கத்தின் மீது சட்டக் கடமை ஏதும் இல்லை. இதை மறந்தால் இந்நிகழ்வின் பாதி புரியாது.

கால்பந்தில் இதற்கு மேல் இன்னொரு விதியும் உண்டு. திவாலான கழகம் லீகில் தொடர வேண்டுமானால், ஆட்டக்காரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் தர வேண்டிய ‘கால்பந்துக் கடன்’ முழுவதையும் தீர்த்தாக வேண்டும்; மற்றவர்களுக்கு மிஞ்சியதுதான். 2010-இல் போர்ட்ஸ்மவுத்தின் மொத்தக் கடன் ஏறத்தாழ 12 கோடி பவுண்டு என்று கணக்கு வந்தது. பல ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்த ஆட்டக்காரர்களின் பாக்கிக்கு முழு உறுதி இருந்தது. ஆட்ட நாட்களில் மைதான ஓரத்தில் முதலுதவிக்கு நிற்கும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற தொண்டு அமைப்புக்குச் சேர வேண்டிய சில ஆயிரம் பவுண்டு, பிணையில்லாக் கடன்களின் வரிசையில் கிடந்தது. அந்த வரிசைக்குப் பிறகு உறுதியளிக்கப்பட்டது பவுண்டுக்கு 20 பென்ஸ், அதுவும் ஆண்டுக்கணக்கில் தவணையாக. இந்த விதிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை நான் அறிவேன்; ஒரு கழகம் சக கழகத்தை ஏமாற்றிவிட்டு அதே லீகில் ஆடக்கூடாது என்பது சரிதான். ஆனாலும் தொண்டர்களையும் உள்ளூர் வணிகர்களையும் கடைசியில் நிறுத்தும் ஒரு விதியை நியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏறத்தாழ 85 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே நகரத்தில் வாழ்பவர்கள், அதே கழகத்தின் ரசிகர்கள்.

ஆடுகளத்தில் நடந்ததும் பதிவுக்குரியது. திவாலுக்குத் தண்டனையாக 9 புள்ளிகள் கழிக்கப்பட்டு, அணி 19 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் முடித்தது. அந்தப் புள்ளிகள் இருந்திருந்தாலும் தப்பியிருக்காது. ஏப்ரல் 10 அன்று தரமிறக்கம் உறுதியாயிற்று. மறுநாள், ஏப்ரல் 11 அன்று, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் டாட்டன்ஹாமைக் கூடுதல் நேரத்தில் 2-0 என்று தோற்கடித்தார்கள். எதிரணியின் மேலாளர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்களுக்குக் கோப்பை பெற்றுத் தந்த அதே ரெட்நாப். இறுதியில் செல்சியிடம் 0-1 என்று தோற்றபோதும், வெம்ப்ளியில் ஒரு பாதி முழுவதும் நீலச் சட்டைகள் நின்று பாடிக்கொண்டிருந்தன. நகர மன்றக் கடிகாரத்தின் மணியோசையைத் தழுவிய அந்தப் பழைய முழக்கம் ஆட்டம் முடிந்த பிறகும் ஓயவில்லை.

அந்தப் பாட்டுக்கு நிர்வாகியின் மேசையில் எந்த மதிப்பும் இல்லை. கழகத்தை யார் வாங்குவது, கடனை எவ்வளவாகக் குறைப்பது என்ற பேச்சுகளில் ரசிகர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. கடன் குறைப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து வரித்துறை தொடுத்த வழக்கு ஆகஸ்டில் தள்ளுபடியானது. அக்டோபர் 22 அன்று, பேச்சுவார்த்தை முறிந்ததால் கழகம் மூடப்படும் போலிருக்கிறது என்று அதிகாரபூர்வமாகவே அறிவிக்கப்பட்டது. மைதானத்தைச் சுற்றிய நிலம் கெய்டமாக் வசம் இருந்தது அந்த முறிவின் மையம். அடுத்த நாட்களில் உடன்பாடு எட்டப்பட்டு, கழகம் மீண்டும் சைன்ராய் வசம் போனது. ஒரு நகரத்தின் கழகம் வாழ்வதா சாவதா என்பதை மைதானமும் அதைச் சூழ்ந்த நிலமும் யாருடைய கையில் இருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது என்பதை, அந்த ஒரு நாளில் எல்லாரும் தெரிந்துகொண்டார்கள்.

2012-இன் திவால்

2011 ஜூனில் ரஷ்யத் தொழிலதிபர் விளாதிமிர் அன்டோனோவின் நிறுவனம் கழகத்தை வாங்கியது. ஐந்தே மாதங்களில், நவம்பரில், அவருடைய லிதுவேனிய வங்கியான ஸ்னோராஸை அந்நாட்டு அரசு எடுத்துக்கொண்டது. ஐரோப்பியப் பிடியாணையின் பேரில் அவர் லண்டனில் கைதானார். கழகத்தின் தாய் நிறுவனம் திவாலாயிற்று. 2012 பிப்ரவரி 17 அன்று போர்ட்ஸ்மவுத் மீண்டும் திவால் நிர்வாகத்துக்குள் போனது. இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

இம்முறை நீதிமன்றம் நியமித்த நிர்வாகி டிரெவர் பிர்ச். இளமையில் கால்பந்து ஆட்டக்காரராக இருந்தவர், பின்னர் செல்சியின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர். கடினமான மனிதர் என்பதிலும் நேர்மையாகப் பேசியவர் என்பதிலும் ரசிகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

10 புள்ளிகள் கழிக்கப்பட்டன. இம்முறை அந்தக் கழிவு உண்மையிலேயே வெட்டியது. இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் அணி களத்தில் ஈட்டியது 50 புள்ளிகள். தப்பிய கடைசி அணியான பார்ன்ஸ்லிக்கு இருந்தவை 48. கழிவுக்குப் பின் 40 புள்ளிகளோடு போர்ட்ஸ்மவுத் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. ஆடி வென்ற புள்ளிகளை, ஆடாத ஒருவரின் கணக்குக்காக இழந்தார்கள். கழகங்கள் திவாலை ஒரு தந்திரமாகப் பயன்படுத்தாமல் இருக்க இந்தத் தண்டனை தேவை என்பார்கள். தவறு செய்த உரிமையாளர் அதற்குள் போய்விட்டிருப்பார். தண்டனையைச் சுமப்பவர்கள் எப்போதும் எஞ்சியிருப்பவர்கள்.

அந்தக் கோடையில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. பிரீமியர் லீக் காலச் சம்பளத்தில் இருந்த மூத்த ஆட்டக்காரர்கள் தங்கள் ஒப்பந்தத்தை விட்டுக்கொடுத்து வெளியேறாவிட்டால் ஆகஸ்ட் 10-ஆம் தேதியோடு கழகத்தை மூட வேண்டியிருக்கும் என்று பிர்ச் வெளிப்படையாகச் சொன்னார். ஒவ்வொருவராகப் பேசி விலகினார்கள். கடைசியாகக் கையெழுத்திட்டவர் டால் பென் ஹைம். மறுநாள் பிளைமவுத்தில் நடந்த லீக் கோப்பை ஆட்டத்தில் பெரும்பாலும் பயிற்சிக் கூடத்துச் சிறுவர்களே களமிறங்கி 0-3 என்று தோற்றார்கள். லீக் தொடங்கும் முன் கடைசி நாட்களில், குறுகிய கால ஒப்பந்தத்தில் ஓர் அணியே சேர்க்கப்பட்டது. அதே பருவத்தில், 2012 இலையுதிர் காலத்திலிருந்து 2013 மார்ச் 2 அன்று க்ரூவில் வென்றது வரை, 23 ஆட்டங்கள் தொடர்ந்து வெற்றியே இல்லாமல் கழிந்தன. அது கழக வரலாற்றிலேயே நீண்ட வறட்சி.

ஆயிரம் பவுண்டு

இந்த வறட்சிக்கு நடுவில்தான் பணம் சேர்ந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெல்லும் அணிக்காகப் பணம் தருவது எளிது.

பாம்ப்பி ஆதரவாளர் அறக்கட்டளை 2010 திவாலின் காலத்தில் உருவானது. பாம்ப்பி என்பது நகரத்துக்கும் கழகத்துக்கும் வழங்கும் செல்லப்பெயர். பெயரில் அறக்கட்டளை என்றிருந்தாலும் சட்டப்படி அது ஒரு கூட்டுறவுச் சங்கம்: உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. தொடக்கத்தில் அதன் வேலை, மற்ற ஊர்களின் ரசிகர் சங்கங்களைப் போல, உரிமையாளர்களிடம் கேள்வி கேட்பதும் தகவல் திரட்டுவதுமாக இருந்தது. அந்த ஆண்டுகள் வீண் போகவில்லை. திவால் சட்டம் எப்படி இயங்குகிறது, லீகில் ஆடும் உரிமையைத் தரும் லீக் பங்கு எப்படிக் கைமாறுகிறது, ஈட்டுக் கடன் என்றால் என்ன, பிரீமியர் லீகிலிருந்து இறங்கும் கழகத்துக்குச் சில ஆண்டுகள் வரும் உதவித்தொகை எங்கே போகிறது என்பதையெல்லாம் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். கணக்கர், வழக்கறிஞர், மென்பொருள் துறையினர், ஆசிரியர் என்று பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், இரவில் இதைச் செய்தார்கள்.

2012-இல் அவர்கள் செய்த முடிவு துணிச்சலானது. கழகத்தை வாங்க விலைப்புள்ளி கொடுப்பது. அதற்கு ரசிகர் ஒவ்வொருவரிடமும் ஆயிரம் பவுண்டு பங்கு கேட்பது. முன்பணமாக 100 பவுண்டு கட்டி உறுதி தரலாம். கழகம் கைக்கு வரும்போது மீதியைச் செலுத்தலாம். ஒருவரால் ஆயிரம் முடியாதென்றால் சிலர் சேர்ந்து ஒரு பங்கு எடுக்கலாம். போர்ட்ஸ்மவுத் பணக்கார ஊர் அல்ல. கடற்படைத் தளத்தையும் கப்பல் பட்டறையையும் நம்பி வளர்ந்த உழைப்பாளர்களின் ஊர். அங்கே ஆயிரம் பவுண்டு என்பது ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டிய தொகை. அதைத் திரும்பக் கிடைக்காத பணம் என்று எண்ணியே கொடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இறுதியில் 2,300 பேர் அளவில் பங்குதாரர்களானார்கள்.

இந்தத் தொகையை இவ்வளவு பெரிதாக வைத்தது சரியா என்ற கேள்வி நியாயமானது. பத்துப் பவுண்டு கேட்டிருந்தால் பல மடங்கு பேர் சேர்ந்திருப்பார்கள், சங்கம் இன்னும் மக்கள்மயமாக இருந்திருக்கும். ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கழகம் 2013-இல் திவாலானபோது அதன் ரசிகர்கள் மாதாமாதம் சிறு தொகை செலுத்தும் வழியைத்தான் எடுத்தார்கள், அது பலனும் தந்தது. ஆனால் அங்கே முதலில் பெருந்தொகை போட்டுத் தாங்க ஆன் பட்ஜ் என்ற தொழில்முனைவர் இருந்தார். போர்ட்ஸ்மவுத்தில் அப்படி ஒருவர் இல்லை. பிர்ச்சின் மேசையில் வைக்க உடனடியாக ஒரு தொகை வேண்டியிருந்தது. லீகுக்கு, அடுத்த பருவம் முழுவதையும் ஓட்டப் பணம் இருக்கிறது என்ற சான்று வேண்டியிருந்தது. அந்தச் சூழலில் ஆயிரம் என்பது சரியான கணக்கு என்றே நான் எண்ணுகிறேன்.

அதோடு முடியவில்லை. அறக்கட்டளையின் பணம் மட்டும் போதாது என்பதால், இதைவிடப் பெரிய தொகை தரக்கூடிய உள்ளூர் ரசிகர்கள் சிலர் சேர்க்கப்பட்டார்கள். ‘தலைவர்கள்’ என்று அழைக்கப்பட்ட அவர்களுக்கும் இயக்குநர் குழுவில் இடம் தரப்பட்டது. பின்னர் கழகத்தின் தலைவரான இயான் மக்கின்னஸ் அவர்களில் ஒருவர். போர்ட்ஸ்மவுத் நகர மன்றம் 14.5 லட்சம் பவுண்டு கடன் தர ஒப்புக்கொண்டது. மக்கள் வரிப்பணத்தை ஒரு கால்பந்துக் கழகத்துக்குத் தரலாமா என்று கேட்டவர்கள் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். அது நன்கொடையன்று, திரும்ப வர வேண்டிய கடன் என்பதே மன்றத்தின் விடையாக இருந்தது. இந்த மூன்று கால்களின் மீதுதான் விலைப்புள்ளி நின்றது. முழுக்க முழுக்கச் சாமானிய ரசிகர்களின் கொள்முதல் என்று அதைச் சொல்வது முழு உண்மையாகாது. ஆனால் அந்த 2,300 பேர் முதலில் முன்வந்திராவிட்டால் மற்ற இருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

மைதானத்துக்கு என்ன விலை

முதலில் போர்ட்பின்னே மீண்டும் வாங்குவதாக இருந்தது. அது பின்வாங்கிய பிறகு, 2012 அக்டோபரில் பிர்ச் அறக்கட்டளையை முன்னுரிமை பெற்ற வாங்குநராக அறிவித்தார். அங்கிருந்து ஏப்ரல் வரையிலான ஆறு மாதங்கள்தான் இந்நிகழ்வின் உண்மையான சோதனைக் காலம்.

கழகம் என்பது ஒரு பெயர், ஒரு லீக் பங்கு, சில ஒப்பந்தங்கள். அவற்றை நிர்வாகி விற்கலாம். மைதானத்தை அப்படி விற்க முடியாது. அதன்மீது போர்ட்பின்னுக்கு ஈட்டுரிமை இருந்தது. ஈட்டுரிமை வைத்திருப்பவர் சம்மதிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் அந்தச் சொத்தை நியாயமான சந்தை விலைக்கு விடுவிக்க உத்தரவிட வேண்டும். அப்படியானால் நியாயமான விலை எது?

கால்பந்து மைதானத்தின் விலை ஒரு வினோதமான கணக்கு. அங்கே தொடர்ந்து ஆட்டம் நடக்கும் என்று கொண்டால், நிலத்துக்கு வேறு பயன் கிடையாது. வாங்கக்கூடியவர் ஒரே ஒருவர், அந்தக் கழகம். ஆட்டம் நின்றுவிடும் என்று கொண்டால், அது கட்டுமான நிலம். ஆனால் அதற்குத் திட்ட அனுமதி தர வேண்டியது நகர மன்றம், அதே நகர மன்றம் கழகத்தைக் காப்பாற்றக் கடன் கொடுக்கிறது. குறுகிய தெருக்களுக்குள் அடைபட்ட அந்த இடத்தில் பெரும் வணிக வளாகம் எழுப்புவதும் எளிதல்ல. ஆகவே ஃபிராட்டன் பார்க்கின் மதிப்பு, அங்கே சனிக்கிழமை தோறும் கூடுபவர்கள் யார், அவர்கள் யாருக்குப் பணம் கொடுக்கச் சம்மதிப்பார்கள் என்பதையே சார்ந்திருந்தது. அவர்கள் அறக்கட்டளையின் பக்கம் ஆயிரம் ஆயிரமாகக் கையெழுத்திட்டிருந்தார்கள். வேறொரு வாங்குநர் வந்தால் அந்தக் கூட்டம் அவருக்குப் பின்னால் வரும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. இதைத்தான் நான் ரசிகர் ஆதரவின் சட்ட வடிவம் என்பேன்: அது மைதானத்தின் விலையையே இறக்கியது.

விசாரணை டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்கும், பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்கும் தள்ளிப்போனது. ஒவ்வொரு தள்ளிவைப்பும் செலவு. நிர்வாகி கையில் இருந்த பணம் கரைந்துகொண்டே வந்தது. நடுவில் நிதித்துறையாளர் கீத் ஹாரிஸ் தலைமையில் இன்னொரு விலைப்புள்ளியும் முளைத்தது. லீகும் கெடு விதித்தது. களத்தில் அணி தோற்றுக்கொண்டிருந்தது. முன்பணம் கட்டியவர்கள் பெரிய அளவில் பின்வாங்கியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் பின்வாங்கவில்லை, மீதித் தொகை கேட்கப்பட்டபோது கட்டினார்கள். அரங்கில் எழும் கூச்சலைவிட அந்த மாதங்களின் அமைதியான பொறுமையே எனக்கு இந்நிகழ்வின் உயரமான இடமாகத் தெரிகிறது.

ஏப்ரல் 10 அன்று, வழக்கு எடுத்துக்கொள்ளப்பட வேண்டிய நேரத்தில், போர்ட்பின் உடன்பட்டது. ஏப்ரல் 19 அன்று கைமாற்றம் நிறைவேறியது. திவாலிலிருந்து வெளிவரும்போது இன்னொரு 10 புள்ளிகள் கழிக்கப்பட்டன. 10 வெற்றி, 12 சமன், 24 தோல்வி என்ற கணக்கோடு 32 புள்ளிகளில் கடைசி இடம். நான்காம் அடுக்கான லீக் டூ. மூன்றே ஆண்டுகளில் மூன்று படி இறக்கம். ஆனால் ஏப்ரல் 20 அன்று, தங்கள் சொந்தக் கழகத்தின் முதல் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் முன்னால், அணி ஷெஃபீல்ட் யுனைடெடை 3-0 என்று வென்றது.

உரிமையாளர்களான பிறகு

அடுத்த ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபர்டுக்கு எதிரான தொடக்க ஆட்டத்துக்கு 18,181 பேர் வந்தார்கள். அணி 1-4 என்று தோற்றது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சீசன் டிக்கெட்டுகள் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன. ஐந்தாயிரம் பேர் வந்தாலே பெரிய கூட்டம் எனக் கருதும் ஓர் அடுக்கில் அந்தப் பருவம் முழுவதும் சராசரியாகப் பதினைந்தாயிரம் பேர் வந்தார்கள். மேலாளர்கள் மாறினார்கள்; முதல் இரண்டு பருவங்களும் நடு வரிசையிலும் அதற்குக் கீழேயும் கழிந்தன. ரசிகர்களே உரிமையாளர்கள் என்பதால் கோபம் இல்லாமல் போகவில்லை. தாங்களே நியமித்த குழுவின் மேல் கோபப்பட வேண்டியிருந்ததுதான் புதிது.

கணக்கில் அவர்கள் வென்றார்கள். பழைய ஆட்டக்காரர்களுக்கும் கழகங்களுக்கும் தர வேண்டிய பல லட்சம் பவுண்டு பாக்கியை, வந்துகொண்டிருந்த பிரீமியர் லீக் உதவித்தொகையின் மிச்சத்தையும் கொண்டு, பதினெட்டு மாதங்களுக்குள், 2014 செப்டம்பர் இறுதியில் தீர்த்துவிட்டதாகக் கழகம் அறிவித்தது. தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த மார்க் கேட்லின், பணம் வருவதற்கு முன்பே செலவு செய்யும் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். சம்பளம் நேரத்துக்கு வந்தது. போர்ட்ஸ்மவுத்தில் அது ஒரு சாதனை.

2017 மே 6 அன்று, பால் கூக் பயிற்றுவித்த அணி, பருவத்தின் கடைசி நாளில் செல்ட்னமை 6-1 என்று வீழ்த்தி லீக் டூ பட்டத்தை வென்றது. அந்தப் பருவத்தில் அவர்கள் முதலிடத்தில் இருந்தது அந்தக் கடைசி நாளின் அரை மணி நேரம்தான்.

அதே மாதத்தில் பங்குதாரர்கள் முன் இன்னொரு தாள் வைக்கப்பட்டது. டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் டோர்னான்டே நிறுவனம் 56.7 லட்சம் பவுண்டுக்குக் கழகத்தை வாங்கவும், மேலும் ஒரு கோடி பவுண்டு முதலீடு செய்யவும் முன்வந்தது. மேல் அடுக்குகளில் போட்டியிடவும், வயதான அரங்கைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கவும் ஆகும் செலவை ஆயிரம் பவுண்டுப் பங்குகளால் இனித் தாங்க முடியாது என்ற கருத்து இயக்குநர் குழுவிலேயே வலுத்திருந்தது. எதிர்த்தவர்களும் இருந்தார்கள், ஒரு பணக்காரரின் நல்லெண்ணத்தை நம்பி ஏமாந்த ஊர் மீண்டும் அதையே நம்ப வேண்டுமா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை யாரும் அற்பமானதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐஸ்னரே போர்ட்ஸ்மவுத்துக்கு வந்து, நகர மன்ற மண்டபத்தில் ரசிகர்களின் கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னார். 2010-இல் உரிமையாளர் மாறியபோதெல்லாம் செய்தியை வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள், இம்முறை வாங்க வந்தவரை எதிரே நிறுத்தி விசாரித்தார்கள். விற்பனைக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவைப்பட்டது. ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று அதிகமாகவே கிடைத்தது. 2017 ஆகஸ்ட் 3 அன்று கழகம் கைமாறியது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரல் 16 இரவு, ஃபிராட்டன் பார்க்கில் பார்ன்ஸ்லியை 3-2 என்று வென்று போர்ட்ஸ்மவுத் மூன்றாம் அடுக்கின் பட்டத்தைப் பெற்றது. 2012-இல் 50 புள்ளிகள் ஈட்டியும், அதே பார்ன்ஸ்லியைவிட இரண்டு புள்ளிகள் கூடுதலாகப் பெற்றும், இழக்க நேர்ந்த சாம்பியன்ஷிப் இடத்துக்கு அன்றுதான் திரும்பியது.